பழைய மாரிஸ் மைனரில் கிளட்ச் பெடல் பாதி தூரம் சும்மா போனால் என்ன செய்வது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அயனாவரத்தில் உங்கள் வீட்டில் அப்பா ஓட்டிய மாரிஸ் மைனர் 1000 நிற்கிறது, 948 சிசி இன்ஜின். கிளட்ச் பெடலை மிதித்தால் பாதி தூரம் காற்றில் மிதித்த மாதிரி போகிறது. ரிவர்ஸ் போட்டால் கரகரவென்று சத்தம். மெக்கானிக் அட்ஜஸ்ட்மென்ட் நட்டை முறுக்கிக் கொடுத்தார். கொஞ்ச நாள் நன்றாக ஓடியது, அப்புறம் திரும்ப அதே நிலைமை. இப்போது இன்ஜினை இறக்கி கிளட்ச் செட்டையே மாற்றலாம் என்கிறார். லிங்கேஜை, அதாவது பெடலையும் கிளட்ச்சையும் இணைக்கும் கம்பிகளையும் நெம்புகோல்களையும், மட்டும் சரிசெய்தால் போதாதா என்று கேட்கிறீர்கள்.

இன்ஜினை இப்போதைக்கு இறக்க வேண்டாம். வண்டிக்கு அடியில் பெடலுக்கும் கிளட்ச் ஃபோர்க்குக்கும் (கிளட்ச்சை அழுத்தும் கவட்டை நெம்புகோல்) நடுவில் இருக்கும் பின், ஓட்டை, புஷ் (தண்டோ பின்னோ திரும்புவதற்கான உலோகக் குழல்) எல்லாவற்றையும் முதலில் பாருங்கள். நீங்கள் சொல்லும் அறிகுறிகளில் பெரும்பகுதி அங்கேயிருந்து வரக்கூடியவை. நட்டை முறுக்கினால் சில வாரம் சரியாகி, மறுபடியும் கெடுகிறது என்பதே அதற்கு ஒரு நல்ல அடையாளம். இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிட வேண்டும். தேய்ந்த லிங்கேஜில் நட்டை முறுக்கிப் பெடலைச் சரிக்கட்டுவது, உள்ளே நன்றாக இருக்கும் கார்பன் பேரிங்கை (கிளட்ச்சை அழுத்தும் கருப்பு வளையத்தை) கொல்லும் வேலை. ஏன் என்று புரிந்துகொண்டால் மற்ற எல்லாம் தானாகப் புரியும்.

மைனரில் கிளட்ச் முழுக்க இரும்புக் கம்பியும் நெம்புகோலும்தான். ஹைட்ராலிக் எதுவும் இல்லை. நீங்கள் பெடலை மிதிக்கும்போது தரைக்கு அடியில் உள்ள ஷாஃப்ட் திரும்புகிறது. அதிலிருந்து ஒரு கம்பி ரிலே ஷாஃப்ட்டுக்குப் போகிறது. ரிலே ஷாஃப்ட் என்பது சேஸிஸ் பக்கத்திலிருந்து கியர்பாக்ஸ் பக்கத்துக்குக் குறுக்கே கிடக்கும் ஒரு தண்டு. அது திரும்பி, இன்னொரு கம்பி வழியாக பெல் ஹவுசிங்குக்கு (கிளட்ச்சை மூடியிருக்கும் மணி வடிவக் கூடு) வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஃபோர்க்கை அசைக்கிறது. அட்ஜஸ்ட்மென்ட் நட்டு இருப்பது இந்தக் கடைசிக் கம்பியில். ஃபோர்க்கின் உள்முனையில் உருளை பேரிங் கிடையாது. கருப்பாக மோதிரம் மாதிரி ஒரு கார்பன் துண்டுதான் இருக்கும். பெடலை விட்டிருக்கும்போது அது எதையும் தொடாமல் விலகி நிற்க வேண்டும்.

இப்போது கணக்குக்கு வருவோம். கீழே சொல்லும் அளவுகள் புரிவதற்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் வண்டியில் டேப் வைத்து நீங்களே அளந்து பாருங்கள். பெடலில் கால் வைக்கும் இடம் ஷாஃப்ட்டிலிருந்து 250 மி.மீ., கம்பி மாட்டும் ஓட்டை 50 மி.மீ. என்றால் விகிதம் 5. ரிலே ஷாஃப்ட்டின் இரண்டு கையும் சம நீளம், ஃபோர்க்கின் வெளிக்கை உள்கையைவிட இரண்டு மடங்கு நீளம் என்றால், பெடலுக்கும் கார்பனுக்கும் இடையே மொத்த விகிதம் 10. அதாவது கார்பன் 1 மி.மீ. நகர, பெடல் 10 மி.மீ. போக வேண்டும். நடுவில் இரண்டு கம்பிகள், நான்கு மூட்டுகள். ஒவ்வொரு மூட்டிலும் பின் அரை மி.மீ., ஓட்டை அரை மி.மீ. தேய்ந்திருக்கிறது என்று வையுங்கள். கையில் எடுத்துப் பார்த்தால் 'இது ஒரு தேய்மானமா' என்று தோன்றும் அளவுதான். நான்கு மூட்டுக்கு 4 மி.மீ. அதை 5-ஆல் பெருக்கினால் பெடலில் 20 மி.மீ. போய்விட்டது. ரிலே ஷாஃப்ட்டின் புஷ்களும் பெடல் ஷாஃப்ட் புஷ்ஷும் தேய்ந்திருந்தால் இது 25, 30-ஐ எளிதாகத் தாண்டும்.

பெடலில் 25 மி.மீ. ஃப்ரீ பிளே (கார்பன் தொடுவதற்கு முன் சும்மா போகும் தூரம்) வைக்க வேண்டும் என்று மெக்கானிக் நினைக்கிறார், மேலே உட்கார்ந்து பெடலைக் கையால் அழுத்தி அளந்து நட்டை முறுக்குகிறார். 25 வந்துவிட்டது, திருப்தி. ஆனால் அந்த 25-ல் 20 மி.மீ. வெறும் மூட்டுகளின் ஆட்டம். உண்மையான இடைவெளி 5 மி.மீ.தான். அதைக் கார்பன் இருக்கும் இடத்தில் பார்த்தால் அரை மி.மீ. மூட்டு ஆட்டமே 25 ஆகிவிட்டால் கார்பனுக்கு இடைவெளியே இல்லை. வண்டி ஓடும் நேரம் முழுக்க அது உரசிக்கொண்டே இருக்கும். மவுண்ட் ரோட்டில் ஒவ்வொரு சிக்னலிலும் கிளட்ச்சை மிதித்து மிதித்து வருகிற ஊர் இது. அதோடு ஓய்வு நேரத்திலும் உரசினால் கார்பன் சீக்கிரமே அதைப் பிடித்திருக்கும் உலோகம் வரை கரைந்துவிடும். அப்புறம் இன்ஜினை இறக்காமல் வழியில்லை. நான்கு ஓட்டைக்கும் நான்கு பின்னுக்கும் செய்ய வேண்டிய செலவைத் தள்ளிப்போட்டதற்கு வட்டி அது.

அதனால் ஃப்ரீ பிளேயை எப்போதும் ஃபோர்க் முனையில் அளக்க வேண்டும். பெடலில் அளப்பது மூட்டுகள் சரியாக இருக்கும் வண்டிக்குத்தான் பொருந்தும்.

சரி, எந்த மூட்டு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்கு இரண்டு பேர் வேண்டும். பேட்டரி வயரைக் கழற்றுங்கள், பின்சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள், முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது. போர்ட்டிகோவில் மொசைக் தரை என்றால் ஸ்டாண்டுக்கு அடியில் பலகை போடுங்கள், வழுக்கும். சர்வீஸ் ஸ்டேஷன் குழி கிடைத்தால் இன்னும் நல்லது. வண்டிக்குள் ஒருவர் உட்கார்ந்து பெடலைக் கையால், காலால் அல்ல, மெதுவாக அழுத்த வேண்டும். அடியில் இருக்கும் நீங்கள் ஒவ்வொரு மூட்டின் மேலும் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வையுங்கள், ஒரு விரல் கம்பியில், ஒரு விரல் லீவரில். கம்பி நகர்ந்த பிறகுதான் லீவர் நகர்கிறது என்றால் நடுவில் உள்ள தாமதம் விரலிலேயே தெரியும். கண்ணைவிட விரல் இதில் நம்பகமானது. பெடல் பக்கத்திலிருந்து தொடங்கி ஃபோர்க் வரை ஒவ்வொன்றாகப் போங்கள், சாக்பீஸால் குறி போடுங்கள்.

மைனரில் ஒரு வசதி, கியர்பாக்ஸுக்கு மேலே உள்ள தரைத் தகடு தனியாகப் போல்ட் போட்டிருக்கும். கார்பெட்டை எடுத்துவிட்டு அதைக் கழற்றினால் மேலிருந்தும் வெளிச்சம் கிடைக்கும், வேலையில் பாதி சுலபமாகிவிடும்.

அடுத்து ரிலே ஷாஃப்ட்டைக் கையால் பிடித்து முன்னும் பின்னும், மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். அது தன் அச்சில் திரும்ப வேண்டுமே தவிர, அப்படியே இடம் நகரக் கூடாது. நகர்ந்தால் புஷ் போயிருக்கிறது. பெடலைப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். பிரேக் பெடலை உரசும் அளவுக்கு ஆடினால் பெடல் ஷாஃப்ட் புஷ்ஷும் பட்டியலில் சேரும். கடைசியாக, உதவியாளர் பெடலை முழுதாக மிதிக்கும்போது இன்ஜினையே கவனியுங்கள். இன்ஜின் இடம் நகர்ந்து அசைந்தால் மவுண்டிங் ரப்பர் செத்துவிட்டது என்று அர்த்தம். நீங்கள் கொடுக்கும் அழுத்தத்தில் ஒரு பகுதி கிளட்ச்சுக்குப் போகாமல் இன்ஜினைத் தள்ளுவதில் வீணாகிறது. கிளம்பும்போது வண்டி தடதடவென்று அதிர்கிறது என்றால் பெரும்பாலும் இந்த ரப்பரும் ஒரு காரணம். பழைய ரப்பர் எண்ணெயில் ஊறி மெழுகாகிக் கிடக்கும், பார்த்தாலே தெரியும்.

இந்த நேரத்தில் சேஸிஸையும் ஸ்குரூடிரைவர் முனையால் குத்திப் பாருங்கள், குறிப்பாகப் பெடல் ஷாஃப்ட் நுழையும் இடத்தைச் சுற்றி. பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் வருடக்கணக்கில் நின்ற வண்டிகளும், 2015 டிசம்பர் வெள்ளத்தில் தரை வரை தண்ணீரில் நின்ற வண்டிகளும் வெளியே பளபளவென்று பெயின்ட் அடித்திருக்கும், உள்ளே தகடு பொரபொரவென்று இருக்கும். புஷ் உட்காரும் இரும்பே இற்றுப்போயிருந்தால் எவ்வளவு அருமையான புஷ் செய்து போட்டாலும் நிற்காது. முதலில் தகட்டு வேலை, அப்புறம்தான் லிங்கேஜ்.

கழற்றும்போது அவசரம் வேண்டாம். ஸ்பிளிட் பின்கள் (பின் கழன்றுவிடாமல் அதன் முனையில் மாட்டும் இரட்டைக் கால் கம்பிகள்) துருப்பிடித்து ஒட்டியிருக்கும். துரு இளக்கும் எண்ணெயை முதல் நாள் இரவே அடித்து ஊற விடுங்கள். ஒரு பின் ஓட்டையோடு துருவில் இறுகிப்போயிருந்தால் அதைப் பெரிய சுத்தியால் அடித்து வெளியேற்றப் பார்க்காதீர்கள். லீவர் வளைந்துவிடும். ஸ்பிளிட் பின் பக்கத்து முனையை அரம் போட்டு எடுத்துவிட்டு, சூடு காட்டி, அளவான பஞ்சை வைத்துத் தட்டுங்கள். சூடு காட்டும்போது பிரேக் பைப்பும் பெட்ரோல் பைப்பும் எங்கே போகின்றன என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிரேக் மாஸ்டர் சிலிண்டர் அதே பக்கத்துச் சேஸிஸுக்குள்தான் இருக்கிறது. கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு கம்பியும் எந்தத் திசையில், எந்தப் பக்கம் பின் தலை இருக்கிறது என்று போனில் படம் எடுத்துவிடுங்கள். கடைசிக் கம்பியில் நட்டுக்கு வெளியே எத்தனை மரை தெரிகிறது என்றும் எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் டீசலில் கழுவித் துடைத்த பிறகு ஒரு பின்னை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். இரண்டு ஓரத்திலும் பழைய மினுமினுப்பும் பழைய விட்டமும் இருக்கும். நடுவில் ஒரு பக்கம் மட்டும் பள்ளமாகச் சீவியிருக்கும். நகத்தை நீளவாக்கில் இழுத்தால் அந்தப் படியில் தட்டி நிற்கும். திருப்பி மறுபக்கத்தைப் பார்த்தால் புதிது மாதிரி இருக்கும். கிளட்ச் லிங்கேஜில் பலம் எப்போதும் ஒரே திசையில் விழுவதால் தேய்மானமும் ஒரே பக்கத்தில்தான் வரும். ஓட்டையும் அப்படியே. வட்டமாக இருந்தது ஒரு பக்கமாக இழுபட்டு முட்டை வடிவத்துக்கு வந்திருக்கும். பின்னை அரைவட்டம் திருப்பிப் போட்டால் கொஞ்சம் ஆட்டம் குறையும். வழியில் நின்றுபோனால் வீடு வந்து சேர இது உதவும். ஆனால் ஓட்டை அப்படியேதானே இருக்கிறது, அதனால் அதை ரிப்பேர் என்று எண்ண வேண்டாம்.

புதுப் பின்னை மட்டும் போடுவதும் இதே ரகம்தான். மைனருக்கான பின்கள் இங்கிலாந்தில் இன்றும் புதிதாகத் தயாராகின்றன, வரவழைக்கலாம். ஆனால் நீள்வட்ட ஓட்டையில் வட்டமான புதுப் பின்னைப் போட்டால் அது ஓரிடத்தில் மட்டும் தொட்டு நிற்கும். மொத்தப் பலமும் அந்தக் கோட்டில் விழுந்து சீக்கிரமே அதுவும் தேயும். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் லீவரை மட்டும் கொண்டுபோய்க் கொடுத்தவரை நான் பார்த்திருக்கிறேன். அவர் லீவரைக் கையில் வாங்கவே இல்லை. 'பின் எங்கே தம்பி? ஓட்டையும் பின்னும் ஜோடி. ரெண்டையும் சேர்த்துக் கொண்டா, அப்பதான் கை வைப்பேன்' என்று அனுப்பிவிட்டார். அந்த மாதிரி லேத்காரரிடம் வேலையைக் கொடுங்கள்.

ஓட்டையைச் சரிசெய்ய மூன்று வழிகள் உண்டு. தேய்மானம் குறைவாக இருந்தால் ஓட்டையை அடுத்த அளவுக்கு ரீமர் (ஓட்டையைத் துல்லியமான அளவுக்குச் சீவும் கருவி) அடித்து வட்டமாக்கி, அதற்கேற்ற பெரிய பின் கடைந்து போடலாம். இங்கே ஒரு சின்ன வசதி இருக்கிறது. 5/16 அங்குலம் என்பது 7.94 மி.மீ. 8 மி.மீ. ரீமர் அடித்த ஓட்டையில் 5/16 பின் போட்டால் 0.06 மி.மீ. இடைவெளி, இப்படி அசையும் மூட்டுக்குச் சரியான அளவு. ஆனால் தேய்மானம் அதற்குள் அடங்குவது அபூர்வம். பின்னின் முழு விட்டம் இருக்கும் ஓரத்தில் வெர்னியர் வைத்து அளந்துவிட்டு முடிவெடுங்கள், பட்டியலில் இருக்கும் எண்ணை நம்பி அல்ல. அறுபது வருடத்தில் யார் யார் என்னென்ன மாற்றிப் போட்டார்களோ தெரியாது.

இரண்டாவது வழி, எனக்கு மிகவும் பிடித்தது, புஷ் போடுவது. ஓட்டையை 11 மி.மீ. அளவுக்குப் பெரிதாக்கி, அதில் பாஸ்பர் பிரான்ஸ் அல்லது கன்மெட்டல் புஷ்ஷை அழுத்தி இறக்கி, உள்ளே பின் அளவுக்கு ரீமர் அடிப்பது. அடுத்த முறை தேய்ந்தால் புஷ்ஷை மட்டும் தட்டி எடுத்துப் புதிது போடலாம், லீவரைத் தொடவே வேண்டாம். இதில் கவனிக்க வேண்டியது ஓட்டையின் மையம். நீள்வட்ட ஓட்டையில் நேராகப் பெரிய டிரில் பிட்டை விட்டால் அது தேய்ந்த பக்கமாகவே ஓடும், மையம் தள்ளிப்போகும், லீவரின் கை நீளம் மாறிவிடும். தேயாத பக்கத்து விளிம்புதான் பழைய மையத்துக்குச் சாட்சி. அங்கிருந்து பின்னின் அரை விட்டத்தை அளந்து மையத்தைக் குறித்து, லீவரை மில்லிங் மிஷினில் அசையாமல் பிடித்து, எண்ட் மில் விட்டு எடுக்க வேண்டும். கையில் பிடித்து டிரில் போடுகிற வேலை இல்லை இது. புஷ்ஷின் வெளி அளவு ஓட்டையைவிட 0.02 முதல் 0.03 மி.மீ. பெரிதாக இருந்தால் இறுக்கமாக உட்காரும். அழுத்தி இறக்கும்போது உள் ஓட்டை கொஞ்சம் சுருங்கும், ஆகவே உள் ரீமர் கடைசியில்தான். பித்தளை புஷ் வேண்டாம். கடைவது சுலபம் என்று பித்தளையைக் காட்டுவார்கள், ஆனால் இந்த மாதிரி அழுத்தி உரசும் இடத்தில் அது பிரான்ஸ் அளவுக்கு உழைக்காது. பாஸ்பர் பிரான்ஸ் கம்பி பாரிமுனைப் பக்கத்து உலோகக் கடைகளில் துண்டாகவே கிடைக்கும், உங்களுக்குத் தேவைப்படுவது ஒரு சாண் கூட இல்லை.

லீவரின் காது சிறியதாக இருந்து, 11 மி.மீ. ஓட்டை போட்டால் சுற்றிலும் நாலைந்து மி.மீ. இரும்புகூட மிஞ்சாது என்றால் மூன்றாவது வழி. வெல்டிங் வைத்து ஓட்டையை அடைத்து, திரும்ப டிரில் போட்டு ரீமர் அடிப்பது. அடியில் ஒரு செம்புத் துண்டை வைத்து வெல்ட் செய்தால் உருகிய இரும்பு அதில் ஒட்டாது, சுத்தமாக நிரம்பும். சூடாக இருக்கும்போது தண்ணீரில் முக்காமல் சாம்பலில் புதைத்து மெதுவாக ஆற விடச் சொல்லுங்கள். சட்டென்று ஆறினால் அந்த இடம் கடினமாகி டிரில் பிட்டைத் திருப்பிவிடும். வெல்டிங் எல்லாம் வண்டிக்கு வெளியே, லீவரைக் கழற்றி வைத்துத்தான்.

பின் செய்ய இ.என்.8 (நடுத்தரக் கரி எஃகு) கம்பி போதும். கடைந்து, எமரி பேப்பரால் மினுமினுப்பாக்கி, ஸ்பிளிட் பின்னுக்கு ஓட்டை போட்டு, முடிந்தால் மேற்பரப்பைக் கடினப்படுத்திவிட்டால் பல வருடம் உழைக்கும். கடினப்படுத்துவதற்கு முன் ஸ்பிளிட் பின் ஓட்டையைப் போட்டுவிட வேண்டும், பிறகு போட முடியாது. தலைக்கும் ஸ்பிளிட் பின் ஓட்டைக்கும் நடுவே உள்ள நீளத்தில் ஒரு வாஷருக்கு இடம் விடுங்கள். நீளம் அதிகமாகி மூன்று நான்கு வாஷர் அடுக்குவது அசிங்கம் மட்டுமல்ல, மூட்டு பக்கவாட்டில் ஆடும்.

தெருவோரப் பட்டறைகளில் பின்னுக்குப் பதிலாகப் போல்ட் போட்டு நட்டு முறுக்கி விடுவதை நிறைய வண்டிகளில் பார்க்கிறேன். இது எனக்குக் கொஞ்சமும் சம்மதமில்லை. போல்ட்டின் மரை ஓட்டைக்குள் நின்றால் அது அரம் மாதிரி வேலை செய்து இருக்கிற ஓட்டையையும் தின்றுவிடும். அவசரத்துக்குப் போட்டே தீர வேண்டுமென்றால் மரை இல்லாத உருண்டைப் பகுதி ஓட்டை முழுவதையும் நிரப்பும் நீளத்தில் எடுத்து, நைலாக் நட்டு போட்டு, மூட்டு இறுகாமல் சுலபமாகத் திரும்பும்படி விடுங்கள். அதுவும் லேத் வேலை முடியும் வரைதான். அட்ஜஸ்ட்மென்ட் கம்பியின் மரையையும் கெடுக்காதீர்கள். அங்குல மரையில் யு.என்.எஃப்., பி.எஸ்.எஃப். என்று வேறு வேறு வகை உண்டு: 5/16 யு.என்.எஃப். மரையில் அங்குலத்துக்கு 24 சுற்று, பி.எஸ்.எஃப். என்றால் 22. 8 மி.மீ. நட்டு முதல் இரண்டு சுற்று ஏறுவது போல ஏமாற்றும், ஸ்பேனர் போட்டு முறுக்கினால் மரை சிதையும். பழைய நட்டையே கொண்டுபோய் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக் கடைகளில் காட்டி, கையால் கடைசிவரை ஏறுகிறதா என்று பார்த்து வாங்குங்கள். கம்பியே போய்விட்டது, யோக் (கம்பி முனையில் பின் மாட்டும் கவட்டை) வேண்டும் என்றால் புதுப்பேட்டையில் ஒரு சுற்று சுற்றலாம். மைனருடையதே கிடைக்காவிட்டாலும் வெட்டிச் சேர்க்கத் தகுந்த யோக் கிடைக்கும்.

பெடல் ஷாஃப்ட்டும் ரிலே ஷாஃப்ட்டும் தேய்ந்திருந்தால் புஷ்ஷை மட்டும் மாற்றுவது அரைகுறை. தேய்ந்த இடத்தை லேத்தில் ஒரு சீவு சீவி வட்டமாக்கி, அந்தச் சிறிய விட்டத்துக்கு ஏற்ற புஷ் செய்து போடுவது எளிது, மலிவு. பள்ளம் ஆழம் என்றால் வெல்டிங் ஏற்றிக் கடைய வேண்டும். புஷ்ஷில் ஒரு கிரீஸ் ஓட்டையும் உள்ளே சின்னக் காடியும் போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். கிரீஸ் போக வழியே இல்லாத புஷ்தான் முதலில் போகிறது. பெடல் ஷாஃப்ட்டைத் திரும்ப மாட்டிய பிறகு பிரேக் பெடலின் ஃப்ரீ பிளேயையும் கட்டாயம் பாருங்கள். பிரேக் பெடலும் அங்கேயேதான் திரும்புகிறது. அது இறுகி நின்று பிரேக் லேசாகப் பிடித்தபடி ஓடினால் வேறு பெரிய தொல்லை.

ஃபோர்க் அச்சாகத் திரும்பும் புள்ளி மட்டும் கொஞ்சம் சங்கடமான இடம். அங்கே 1 மி.மீ. ஆட்டம் என்றால் பெடலில் பெரிய இழப்பு, ஏனென்றால் கிளட்ச்சுக்கு நெருங்க நெருங்கத் தேய்மானத்தின் விலை கூடுகிறது. ஃபோர்க்கின் வெளிமுனையைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் தெரியும். அங்கே நிறைய ஆடினால் இன்ஜினிலிருந்து கியர்பாக்ஸைப் பிரிக்காமல் ஒழுங்காகச் செய்ய முடியாது, கார்பனைப் பிடித்திருக்கும் கிளிப்கள் உள்ளே இருக்கின்றன. அப்படிப் பிரிப்பதாக இருந்தால் மட்டும் மெக்கானிக் சொன்னபடி கார்பன், டிஸ்க், பிரஷர் பிளேட் எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பார்த்துவிடுங்கள். டிஸ்க் வாங்கும்போது ஒரு கவனம்: 803, 948 சிசி இன்ஜின்களுக்கு 6¼ அங்குலம், 1962-லிருந்து வந்த 1098 சிசிக்கு 7¼ அங்குலம். உங்கள் வண்டியில் யாராவது இன்ஜினை மாற்றியிருக்கலாம், ஆகவே இன்ஜின் எண்ணைப் பார்க்காமல் ஆர்டர் செய்யாதீர்கள்.

ஒருவேளை வீட்டில் ஸ்டாண்டர்ட் ஹெரால்டும் இருந்தால், அல்லது படிப்பவர்களில் யாராவது வைத்திருந்தால், நம்ம வண்டலூர் தொழிற்சாலையில் 1961-லிருந்து செய்த வண்டி அது, அதில் கிளட்ச் ஹைட்ராலிக். கம்பிகள் கிடையாது. ஆனாலும் பெடலுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் நடுவில் ஒரு பின் இருக்கிறதே, அது தேய்வது ஹெரால்டின் தீராத வியாதி. சிலிண்டர் கிட் மாற்றி, காற்று எடுத்து, அதன் பிறகும் பெடல் சும்மா போகிறது என்று வருத்தப்படுகிறவர்கள் அந்த ஒரு பின்னைக் கழற்றிப் பார்க்கட்டும்.

மாட்டும்போது ஒவ்வொரு பின்னிலும் கிரீஸ் தடவி, புது ஸ்பிளிட் பின் போட்டு, இரண்டு காலையும் முழுதாக விரித்து மடக்குங்கள். பழைய ஸ்பிளிட் பின்னை நிமிர்த்தித் திரும்பப் போடாதீர்கள். ரிட்டர்ன் ஸ்பிரிங்கையும் பாருங்கள், சுருள்களுக்கு நடுவே இடைவெளி விழுந்து சோர்ந்திருந்தால் மாற்றுங்கள். அது பெடலை மேலே இழுத்துப் பிடிக்காவிட்டால் பெடலின் எடையே கார்பனை அழுத்திக்கொண்டிருக்கும்.

இப்போதுதான் அட்ஜஸ்ட்மென்ட். ஃபோர்க்கின் வெளிமுனையைக் கையால் நகர்த்தி, உள்ளே கார்பன் தொடும் இடம்வரை எவ்வளவு போகிறது என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். மேலே நான் எடுத்துக்கொண்ட விகிதப்படி, கார்பனில் 2 மி.மீ. இடைவெளி வேண்டுமென்றால் ஃபோர்க் முனையில் 4 மி.மீ. தெரிய வேண்டும், பெடலில் அது 20 மி.மீ. ஆகும். உங்கள் மாடலின் கையேட்டில் பெடலுக்கு ஓர் அளவு சொல்லியிருப்பார்கள். மூட்டுகள் இறுக்கமாக இருக்கும்போது ஃபோர்க்கில் வைத்ததும் பெடலில் காட்டுவதும் கணக்கில் ஒத்துப்போகும், அப்போது கையேட்டின் அளவை அப்படியே நம்பலாம். ஒத்துப்போகவில்லை என்றால் எங்கோ ஒரு மூட்டில் இன்னும் ஆட்டம் இருக்கிறது, திரும்ப விரல் வைத்துத் தேடுங்கள். அளவு வந்ததும் லாக் நட்டை இறுக்கி, இறுக்கும்போது அளவு நகர்ந்துவிட்டதா என்று இன்னொரு முறை பாருங்கள்.

சோதனைக்கு, இன்ஜின் சூடான பிறகு ஐடிலில் விட்டு, கிளட்ச்சை முழுதாக மிதித்து ஐந்தாறு நொடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். ரிவர்ஸுக்கு சிங்க்ரோ (கியர் பற்களின் வேகத்தைச் சமப்படுத்தும் அமைப்பு) கிடையாது, அதனால் கிளட்ச் முழுதாக விடுகிறதா என்பதை அது மறைக்காமல் சொல்லும். சத்தமில்லாமல் விழுந்தால் வேலை முடிந்தது. பொறுத்துப் போட்ட பிறகும் கரகரத்தால் மிச்சமிருப்பது உள்ளே: டிஸ்க் வளைந்திருக்கலாம், ரொம்ப நாள் நின்ற வண்டியென்றால் துருவில் ஒட்டியிருக்கலாம், ஸ்ப்லைனில் (டிஸ்க் மாட்டியிருக்கும் தண்டின் பல் வரிகளில்) டிஸ்க் சிக்கியிருக்கலாம். அப்போது மெக்கானிக் சொன்னதைக் கேட்டு இறக்குங்கள், செய்த லிங்கேஜ் வேலை எதுவும் வீணாகாது, அதே கம்பிகள்தான் திரும்ப மாட்டப்போகின்றன.

புதுப் புஷ்கள் உட்கார்ந்து கொஞ்சம் இளகும். முன்னூறு கிலோமீட்டர் ஓடியதும் ஃபோர்க் முனை அளவை ஒரு முறை பார்த்து, தேவையென்றால் நட்டில் அரைச்சுற்று திருப்புங்கள். அதன் பிறகு இன்ஜின் ஆயில் மாற்றும் ஒவ்வொரு தடவையும், மழைக்காலம் முடிந்ததும் ஒரு தடவையும், மூட்டுகளைத் துடைத்துப் புதுக் கிரீஸ் வையுங்கள். சேறு கலந்த பழைய கிரீஸை வழித்து எடுக்காமல் அதன் மேலேயே புதிதைப் பூசினால் மண் உள்ளேயே நின்று அரைக்கும்.